மூன்று கருவிகளும் ஒரு பதிலும்

வேலை போன ஏழாவது மாதத்தில் பஸீலாவும் ஆனந்தவள்ளியும் மூன்று கருவிகளைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார்கள். ஆன்லைன் நேர்காணலின்போது கம்ப்யூட்டர் திரையின் ஒரு மூலையில் இருந்துகொண்டு, எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்வியைத் தானும் கேட்டு, சொல்ல வேண்டிய பதிலை வரிவரியாக எழுதிக் காட்டும் ஏஐ கருவிகள் அவை. எதிரில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது என்று மூன்றின் விளம்பரமும் சொன்னது.

சோதிப்பதுதான் அவர்கள் தொழில். இருவரும் ஒரே கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர்களாக இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள். ஒரே நாளில், பத்து நிமிட மீட்டிங் ஒன்றில், சேர்ந்தே வேலையை இழந்தவர்கள். பஸீலா திருச்சி பழைய ஊரில், நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் அம்மா நஜ்முன்னிசாவோடு இருந்தாள். திருமணம் ஒன்றரை வருடத்தில் முடிந்துபோய்த் தாய்வீட்டுக்குத் திரும்பியவள். ஆனந்தவள்ளி ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையில் வாடகை வீட்டில் இருந்தாள். சொந்த ஊர் ஜீயபுரம். கணவன் ஹரிஹரசுதனுக்குத் திருவெறும்பூர் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை.

பஸீலாவின் அம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வந்தது. அடுப்பின் சுடரைக்கூடக் கைவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். அவரை விட்டுவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக முடியாது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை வேண்டும். அப்படிப்பட்ட வேலைகள் வருவது குறைந்துவிட்டது. வந்த பதினான்கும் கைநழுவிப் போயின. முதல் நாலைந்து மறுப்புகளுக்கு அவள் அழுதாள். பிறகு பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி ஆகிவிட்டது. மெயிலைத் திறப்பாள், வாசிப்பாள், மூடுவாள். அரிசி களைந்து உலை வைப்பாள்.

ஆனந்தவள்ளிதான் கருவிகளைப் பற்றிச் சொன்னாள்.

"எல்லாரும் வச்சிருக்காங்க பஸீ. நாம மட்டும் வெறுங்கையோட போயி உக்காந்தா எப்படி?"

"எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

"என்ன கேள்வி இது? ரெண்டு டெஸ்டர் இருக்கோம்."

ஒரு ஷீட் போட்டார்கள். பதில் வர எத்தனை விநாடி, நம் ஊர் ஆங்கிலத்தை ஒழுங்காகக் கேட்கிறதா, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறதா, பார்த்து வாசிப்பது கண்ணில் தெரிகிறதா என்று வரிசை வரிசையாகச் சோதனைகள். ஒருத்தி ஸ்ரீரங்கத்திலிருந்து மேனேஜர் மாதிரி கேள்வி கேட்பாள். மற்றவள் திருச்சியிலிருந்து கருவியைப் பார்த்துப் பதில் சொல்வாள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். வாசிக்கும்போது பார்வை அலையாமல் இருக்க ஆனந்தவள்ளி கேமராவுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டாள். பஸீலா பேண்ட் எய்டில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினாள்.

முதல் கருவிக்கு ஆனந்தவள்ளி 'மாமனார்' என்று பெயர் வைத்தாள். கேள்வி கேட்டு ஏழு விநாடி யோசித்துத்தான் வாயைத் திறக்கும்.

"அதுக்குள்ள பேனல்ல இருக்கறவங்க டீ குடிச்சிட்டு வந்துடுவாங்க. ஃபெயில்."

இரண்டாவது வேகமானது. ஆனால் எதைக் கேட்டாலும் கேள்வி என்று எடுத்துக்கொண்டது. ஒருநாள் பஸீலாவின் தெருவில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பழைய சாமான் வாங்குபவர் போனார். பழைய இரும்பு, ஈயம், பித்தளை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி என்று பதிவு செய்த குரல் ஓடியது. கருவி உடனே பதில் எழுத ஆரம்பித்தது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள் ஆனந்தவள்ளி.

"'மிக நல்ல கேள்வி. என்னுடைய பலவீனம், எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பது'ன்னு சொல்லுது."

ஆனந்தவள்ளி சிரித்தாள். பஸீலாவும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. ஷீட்டில் 'வெளிச்சத்தம், ஃபெயில்' என்று எழுதினாள்.

மூன்றாவதுதான் தேறியது. இரண்டு விநாடியில் பதில் வந்தது. நம் ஊர் ஆங்கிலத்தைத் தடுமாறாமல் கேட்டது. அதில் இன்னொரு வசதியும் இருந்தது. நம் வாழ்க்கையில் நடந்தவற்றை முன்கூட்டியே நம் சொற்களில் எழுதி வைத்துவிட்டால், கேள்வி வரும்போது அதிலிருந்து எடுத்து, நேர்காணலுக்கு ஏற்றபடி சீவிச் சிங்காரித்துக் கொடுக்கும். 'உங்கள் கதைகள்' என்று அந்தப் பகுதிக்குப் பெயர்.

இருவரும் ஒரே லாகினைத்தான் எடுத்தார்கள். கம்பெனியில் இருந்தபோதும் அப்படித்தான். டெஸ்ட் செய்ய ஒரு லாகின், ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் பழைய விவரங்களை அழித்துவிட்டுத்தான் தன்னுடையதை ஏற்றுவாள். அழித்தாயிற்று என்று ஷீட்டில் ஒரு டிக் போட வேண்டும். டிக் போடாமல் புதியதை ஏற்றக்கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்ததே பஸீலாதான்.

நஜ்முன்னிசா ஒருநாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது பரிச்சையில பிட்டு வச்சு எழுதுற மாதிரிதானேம்மா?"

"அப்படியில்லம்மா. ஞாபகப்படுத்தி விடும், அவ்வளவுதான்."

"மறந்து போறதை ஞாபகப்படுத்தினா சரி" என்றார் அம்மா.

அந்த வாரத்தில்தான் இருவருக்கும் ஒரே கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தே வேலை. ஒரே ஒரு இடம். ஏற்பாடு செய்தவர் ரோசரி என்கிற அம்மாள். புத்தூரில் சின்னதாக ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிறார். பஸீலாவுக்குப் புதன்கிழமை காலை பதினொரு மணி, ஆனந்தவள்ளிக்கு அதே நாள் மதியம் இரண்டரை.

"உனக்குக் கிடைச்சா எனக்கு சந்தோஷம்" என்றாள் ஆனந்தவள்ளி.

"எனக்கும்."

"பொய் சொல்லாத. எனக்குக் கிடைச்சா ரெண்டு நாள் பேச மாட்டே."

"ஒரு நாள்" என்றாள் பஸீலா.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆனந்தவள்ளி கடைசியாக ஒருமுறை தனியே பயிற்சி செய்து பார்த்தாள். முடித்ததும் பஸீலாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'என்னோடதை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டேன். நீ அழிச்சிட்டு உன்னோடதைப் போடு. எதையும் படிக்காத.'

பஸீலா ஷீட்டைத் திறந்தாள். பதினேழாவது வரிசையில் 'பழைய விவரம் அழிக்கப்பட்டது' என்று இருந்தது. டிக் போட்டாள். அழிக்கவில்லை.

அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அலட்சியம் என்றுகூடச் சொல்ல முடியாது. பல மாதங்களாக அவளுடைய கை அப்படித்தான் இயங்கிக்கொண்டிருந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டினோமா என்று தெரியாமல் தெருமுனையில் நிற்பாள். செய்வதாக நினைத்தது செய்ததாகவே மனதில் பதிந்துவிடும். டிக் போட்ட பிறகு தன் விவரங்களை ஏற்றினாள். அவை பழையவற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வளவன், டெஸ்டிங் பிரிவுக்கு மேனேஜர். மற்றவர் ஆஷ்லி என்ற பெண், மனிதவளப் பிரிவு. நேர்காணல் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. வளவன் அரைமணி நேரம் தொழில் சம்பந்தமாகக் கேட்டார். பஸீலாவுக்குப் பெரும்பாலும் தானே பதில் தெரிந்தது. ஆனாலும் கருவி எழுதுவதையே வாசித்தாள். அது அவளைவிடத் தைரியமாக எழுதியது. கண் பேண்ட் எய்டுக்குக் கீழே ஓடும் வரிகளைப் பற்றிக்கொண்டது, வாய் சொல்லிக்கொண்டே போனது. சொல்வது யார் என்று அவளுக்கே அவ்வளவாகத் தெரியவில்லை.

பிறகு ஆஷ்லி கேட்டார். "உங்கள் விவரத்தில் ஏழு மாதம் இடைவெளி இருக்கிறது. விருப்பம் இருந்தால் அதைப் பற்றிச் சொல்கிறீர்களா?"

இரண்டு விநாடி. வரிகள் வந்தன. பஸீலா வாசித்தாள்.

"எனக்கு ஒரு மகன் பிறந்தான். பதினொரு நாள் இருந்தான். பிறந்ததிலிருந்து புத்தூரில் ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். வெளியே ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். என் கணவர் திருவெறும்பூரில் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வருவார். அதன் பிறகு சில காலம் என்னால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அந்த நாட்கள் நெருக்கடியிலும் நிதானமாக இருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தன. அந்த நிதானம் இந்தப் பொறுப்புக்கு உதவும் என்று நம்புகிறேன்."

கடைசி வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டாள்.

வளவன் குறிப்பெழுதுவதை நிறுத்தியிருந்தார். ஆஷ்லி, "உங்கள் குழந்தைக்காக நான் மிகவும் வருந்துகிறேன்" என்றார். சடங்குக்குச் சொன்ன குரல் அல்ல அது.

அந்தச் சொல் வந்த பிறகுதான் பஸீலாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. புத்தூர். திருவெறும்பூர். பழைய கம்பெனியில் சேர்வதற்கு முன் ஆனந்தவள்ளி பத்து மாதம் வேலையில் இல்லை. கேட்டால், "வீட்டு விஷயம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவாள். இரண்டு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தும் பஸீலா இரண்டாவது முறை கேட்டதில்லை.

"வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆஷ்லி.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதன் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் மென்மையாக வந்தன. சேர எத்தனை நாள் ஆகும் என்றுகூட வளவன் கேட்டார். பதினான்கு நேர்காணலில் யாரும் அதைக் கேட்டதில்லை. "விரைவில் நல்ல செய்தி வரும்" என்று ஆஷ்லி சொன்னார். திரை அணைந்தது.

போனில் ஆனந்தவள்ளியின் செய்தி வந்து கிடந்தது. 'எப்படி? மூணாவது ஆளு ஒழுங்கா வேலை செஞ்சாரா?'

'நல்லா செஞ்சுச்சு. நீ நல்லாப் பண்ணு' என்று பதில் போட்டாள்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெட்கம் வர வேண்டும், பயம் வர வேண்டும், ஒன்றும் வரவில்லை. ஒரு கணக்கு மட்டும் மெதுவாகத் தெளிந்தது. இரண்டரை மணிக்கு அதே இருவர். அதே கேள்வி. ஆனந்தவள்ளி அதே பதிலைச் சொல்வாள். உண்மையில் அவளுக்கு நடந்ததை. அவர்கள் அவளைப் பார்த்துப் பொய்க்காரி என்று நினைப்பார்கள். காலையில் ஒருத்தி சொன்ன செத்த குழந்தையை மதியம் இன்னொருத்தி சொல்கிறாள், எங்கேயோ விற்கிற பதில் போலிருக்கிறது என்று நினைப்பார்கள்.

அதைச் சொல்லாதே என்று ஆனந்தவள்ளிக்குப் போன் செய்துவிடலாம். அப்படிச் செய்தால் வேலை தனக்கே வந்துவிடவும் கூடும். ஆனால் அவள் பெற்ற பிள்ளையைப் பற்றி அவளே சொல்லக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது?

பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. எழுந்து கை, முகம், கால் கழுவி ஒளு செய்து தொழுதாள். ஓதியதில் எதுவும் மனதில் ஒட்டவில்லை. அப்படிப்பட்ட தொழுகையையும் இறைவன் தள்ளிவிடுவதில்லை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். வெறுங்கையோடு வந்தாலும் வாசலுக்கு வந்தவர்கள் வந்தவர்களே. நெற்றி தரையில் இருந்தபோது அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தோன்றியது. 'மிகவும் வருந்துகிறேன்' என்று ஆஷ்லி சொன்னது தனக்கு உரியது அல்ல. உரியவளுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்ததும் மெயில் எழுதினாள். கருவியைத் திறக்காமல் தானே எழுதினாள். இரண்டு இடத்தில் பிழை இருந்தது, திருத்தவில்லை.

'இடைவெளி பற்றி நான் சொன்ன பதில் என்னுடைய வாழ்க்கை அல்ல. என் திரையில் ஒரு கருவி இருந்தது. அதைப் பார்த்து வாசித்தேன். அது எனக்குத் தெரிந்த ஒருவருக்கு உண்மையாக நடந்தது. அவரிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன். என் விண்ணப்பத்தை நீங்கள் நீக்கிவிடலாம். அதே விஷயத்தை வேறொருவர் உங்களிடம் சொன்னால் தயவுசெய்து நம்புங்கள்.'

ஆனந்தவள்ளியும் அந்தக் கருவியில் பயிற்சி செய்தாள் என்பதை எழுதவில்லை. அது பஸீலா சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

அனுப்பிய மறுநிமிடம் தானாக ஒரு பதில் வந்தது. இன்று முழுவதும் நேர்காணல் இருப்பதால் மெயில்களை நாளைதான் பார்க்க முடியும் என்று ஆஷ்லி பெயரில் இருந்தது. மணி ஒன்று. பஸீலா ரோசரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

ரோசரிக்குப் பின்னால் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, இப்பதான் வளவன் சார் மெசேஜ் போட்டாரு. காலையில பார்த்த பொண்ணு நல்லா இருக்குன்னு. தெரியுமா உனக்கு?"

"தெரியாது மேடம்."

"இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல. போனை வச்சிடு. நான் எதையும் கேக்கலன்னு வச்சுக்கறேன்."

"இல்ல மேடம். ரெண்டரைக்குள்ள அவருக்குச் சொல்லணும்."

"சொன்னா இது மட்டும் போகாது. இனிமே அந்தக் கம்பெனிக்கு உன் பேரை நான் அனுப்பவே முடியாது. என் பேரும்ல சேர்ந்து கெடும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க மேடம். உண்மைதானே அது."

"அந்த இன்னொரு பொண்ணு உனக்கு என்ன, சொந்தமா?"

"இல்ல. கூட வேலை பார்த்தவ."

ரோசரி பெருமூச்சு விட்டார். "வீட்ல அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு அன்னைக்குச் சொன்னே. அதுக்காகத்தான் உன் பேரை முதல்ல வச்சேன்" என்றார். பிறகு, "சரி. நானே அவருக்குப் போன் பண்றேன். மெசேஜ்ல சொல்ற விஷயமா இது" என்றார்.

ஒன்று நாற்பதுக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு மேடம்?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னாரு. நீ சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஸீலா அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுத்தாள். தட்டில் குழம்பு எந்தப் பக்கம், பொரியல் எந்தப் பக்கம் என்று வழக்கம்போல விரலைப் பிடித்துக் காட்டினாள்.

"இன்டர்வியூ என்னாச்சும்மா?"

"கெடச்ச மாதிரி இருந்துச்சு. நான் வேண்டாம்னுட்டேன்."

அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். "காரணம் இருக்கும்" என்றார். "எங்க கெளம்புறே?"

"வள்ளி வீட்டுக்கு. சாயங்காலம் வந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் அடுப்பைத் தொடாதீங்க."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் ஓரம் கிடைத்தது. பாலத்தின் கீழே காவிரியில் பாதி மணலும் பாதி தண்ணீருமாக இருந்தது. யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். போய் என்ன சொல்வது என்று யோசிக்க முயன்றாள். ஒரு வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை.

ஆனந்தவள்ளியின் வீட்டை அடைந்தபோது மூன்றே கால். கதவு திறந்திருந்தது. நேர்காணலுக்காக உடுத்திய நீலச் சுடிதாரிலேயே ஆனந்தவள்ளி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் மூடியிருந்தது. எழுந்திருக்கவில்லை.

"வள்ளி, நான் ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்" என்றாள் ஆனந்தவள்ளி. "ரெண்டு இருபதுக்கு லாகின் பண்ணேன். காலையில நடந்த பேச்சு முழுக்க அதுல இருந்துச்சு. யார் யார் என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி விடாம."

பஸீலா வாசற்படியிலேயே நின்றாள்.

"அழிச்சேன்னு டிக் போட்டிருந்தியே பஸீ."

"போட்டேன். அழிக்கல."

"வேணும்னு பண்ணியா?"

"இல்ல. வாசிக்கிறது என்னன்னே தெரியாம வாசிச்சேன். முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

ஆனந்தவள்ளி அவளையே பார்த்தாள். "அது தெரியுது. வேணும்னு பண்ணியிருந்தா இன்னும் நல்லா நடிச்சிருப்பே."

சிரிக்க வைக்கச் சொன்னதா, குத்திக்காட்டச் சொன்னதா என்று பஸீலாவுக்குப் புரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"என் அம்மாகிட்டகூட அதை முழுசாச் சொன்னதில்ல" என்றாள் ஆனந்தவள்ளி. "இந்த மெஷின்தான் கேட்டுச்சு. 'உங்கள் இடைவெளிக்குக் காரணம் என்ன, மறைக்காமல் எழுதுங்கள்'னு. கேட்டதும் எழுதிட்டேன். எழுதி முடிச்சதும் அது நிதானம், பொறுப்புன்னு மாத்திக் குடுத்துச்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"இன்டர்வியூ?"

"அதை மூடிட்டுத்தான் உக்காந்தேன். ஆஷ்லி மேடம் அந்த இடைவெளியைப் பத்தி ஆரம்பிச்சாங்க. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வளவன் சார் குறுக்க வந்து, 'அது அவங்க சொந்த விஷயம், வேலையைப் பத்திப் பேசுவோம்'னு தமிழ்லயே சொன்னாரு. அந்தம்மாவும் சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. அப்புறம் எல்லாம் எனக்குத் தெரிஞ்சதாத்தான் கேட்டாங்க." மூடிய லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். "நீ சொன்னியா அவங்ககிட்ட?"

"மெயில் போட்டேன். அவங்க பார்க்கல. ரோசரி மேடம் போன் பண்ணிச் சொன்னாங்க."

"உன் பேரு?"

"எடுத்துடச் சொல்லிட்டேன்."

மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் விட்டு அடங்கியது. நல்லது செய்தவர்களுக்கு உடனே மனம் லேசாகும் என்று நாம் நினைக்கிறோம். பஸீலாவுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. தாகமாக மட்டும் இருந்தது. ஆனந்தவள்ளி எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"அந்த ஆஷ்லி மேடம் உன்கிட்ட சொன்னாங்களே. 'உங்கள் குழந்தைக்காக வருந்துகிறேன்'னு."

"ம்."

"அதை நாலு தடவை படிச்சேன். என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல பஸீ. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தன்னைக்கே ஜீயபுரத்துலேர்ந்து வந்தவங்கெல்லாம், 'வயசிருக்கு, அடுத்தது பொறக்கும்'னாங்க. அவரும் மறுநாளே ஷிப்டுக்குப் போயிட்டாரு. போகாம என்ன செய்வாரு. யாரும் குழந்தைன்னே சொல்லல. 'அது'ன்னுதான் சொன்னாங்க."

பஸீலா சொம்பைக் கீழே வைத்தாள். இரண்டு வருடம் கேட்காமல் விட்டதை இப்போது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தெரியாமலே கேட்டாள்.

"பதினொரு நாள் இருந்தானா வள்ளி?"

"பன்னெண்டு" என்றாள் ஆனந்தவள்ளி. "ஆஸ்பத்திரிக் காகிதத்துல பதினொண்ணுன்னுதான் போட்டாங்க. நானும் அதையே எழுதிட்டேன். பன்னெண்டாம் நாள் காலையில ஏழு பத்து வரைக்கும் இருந்தான். அதை யாரும் கணக்குல சேர்க்கல."

"அன்னைக்குக் காலையில நீ உள்ள இருந்தியா?"

"இருந்தேன். ஒரு நர்ஸம்மா அவங்களாவே வந்து கூட்டிட்டுப் போனாங்க. உள்ள விடக்கூடாதுன்னு ரூல். அவங்க விட்டாங்க. பெட்டியைத் திறந்து விரலைக் குடுக்கச் சொன்னாங்க."

"புடிச்சானா?"

ஆனந்தவள்ளி தன் வலது கைச் சுண்டுவிரலைப் பார்த்தாள். அழவில்லை. பஸீலாவும் அழவில்லை. இருவருக்கும் அந்த இடம் இன்னும் மரத்தே இருந்தது. ஆனால் ஒருத்தி சொல்ல ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புடிக்கல. தூக்கமா இருந்தான். ஆனா ஒரு தடவை கொட்டாவி விட்டான்" என்றாள் ஆனந்தவள்ளி. "அவ்வளவு சின்ன வாயில எப்படி அவ்வளவு பெரிய கொட்டாவின்னு அந்தம்மா சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."